அரிசோனாவில் தண்ணீர் தீர்வது யாரால்?

சில ஆண்டுகளுக்கு முன், ஃபீனிக்ஸில் இருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே வரவிருந்த குடியிருப்புக்குத் தண்ணீர் போதுமா என்ற அறிக்கையை நான்தான் தயாரித்திருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "வெளியில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் எங்களுக்குத் தண்ணீர் எப்படி மிஞ்சும்?" என்றார். கேட்டது திட்டத்தைப் பற்றி. பார்த்தது என் முகத்தை.

வலித்தது. ஆனால் அவர் வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. நீரியல் பொறியாளனாக இந்த மாநிலத்தில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் கடமை இருக்கிறது. அன்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட், குவீன் கிரீக் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1950-இல் அரிசோனாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.5 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 71.5 லட்சம். தண்ணீர்ச் செலவும் அதே வேகத்தில் ஏறியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏறவில்லை. மாநில நீர்வளத் துறையின் கணக்குப்படி, மாநிலம் மொத்தமாகச் செலவழிக்கும் தண்ணீர் 1957-இல் செலவழித்ததை விட அதிகமில்லை. காரணம் எளியது. பருத்தியும் ஆல்ஃபால்ஃபா தீவனமும் விளைந்த வயல்களில்தான் ஏராளமான வீடுகள் எழுந்தன. இந்த வெயிலில் ஒரு ஏக்கர் தீவனப் பயிர் குடிக்கும் தண்ணீரை அதே ஒரு ஏக்கரில் கட்டிய வீடுகள் குடிப்பதில்லை. இன்றைக்கும் மாநிலத்தின் தண்ணீரில் 70 சதவீதத்துக்கு மேல் வேளாண்மைக்கே போகிறது. நகரங்கள் எல்லாம் சேர்ந்து எடுப்பது கால் பங்குக்கும் குறைவு. விவசாயியைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்கா குளிர்காலத்தில் சாப்பிடும் கீரை வகைகளில் பெரும்பகுதி இங்கே யூமாவில்தான் விளைகிறது. தலைகளை எண்ணினால் தண்ணீர்க் கணக்கு வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

மக்கள் பெருகுவதால் கேடே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வயலுக்குப் பதில் புதர்ப் பாலைவனத்தை அழித்து வீடு கட்டினால் அது முழுக்கப் புதிய தேவை. போடுகிற ஒவ்வொரு தார்ச்சாலையும் பகல் வெப்பத்தை இரவிலும் விடாமல் பிடித்து வைக்கிறது. 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுண்டியில் வெப்பம் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர்.

சரி, அப்படியானால் ஆட்கள் வருவதை நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜான் டான்டன் என்ற மிச்சிகன் கண் மருத்துவர் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு இயக்கத்தில் தலைவராக இருந்தவர். 1979-இல் குடியேற்றத்தைக் குறைப்பதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். சியரா கிளப் என்ற பெரிய சுற்றுச்சூழல் சங்கம் 1998-இல் குடியேற்றத்தை எதிர்ப்பதா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது. நடுநிலையே போதும் என்று பெரும்பான்மையினர் சொல்லிவிட்டார்கள். டான்டனின் அமைப்பு அதோடு ஓயவில்லை. 2010-இல் அரிசோனா கொண்டுவந்த எஸ்.பி. 1070 என்ற கடுமையான குடியேற்றச் சட்டத்தை எழுதுவதில் அதன் சட்டப் பிரிவுக்குப் பங்கு இருந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சர்ச்சைக்குரிய நான்கு பிரிவுகளில் மூன்றைச் செல்லாது என்றது. குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம். மாநிலம் அதில் தனியாக வேலி போட முடியாது.

அது மட்டுமல்ல. அரிசோனாவுக்கு மற்ற மாநிலங்களில் இருந்தும் ஏராளமானோர் வருகிறார்கள். அதில் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. அவர்களையும் தடுக்க முடியாது. வறியவர்களை உள்ளே அழைத்து வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியாவின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941-லேயே ரத்து செய்துவிட்டது. சிப் நிறுவனங்களான இன்டெல்லிலும் டி.எஸ்.எம்.சி.யிலும் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளின் எச்-1பி விசாவுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்தே ஆண்டு வரம்பு 85,000தான். அதையும் வாஷிங்டன்தான் முடிவு செய்கிறது.

மாநிலத்தின் கையில் இருப்பது நிலத்தடி நீர்ச் சட்டம். அதில் அரிசோனா ஒரு காலத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. கொலராடோ ஆற்று நீரை 540 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயல்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவர ஒரு கால்வாய் வேண்டியிருந்தது. அதற்கு மத்திய அரசின் பணம் கிடைக்க, 1968-இல் ஒரு விலை கொடுத்தார்கள்: ஆற்றில் தட்டுப்பாடு வந்தால் கலிபோர்னியாவுக்கு முன் இந்தக் கால்வாய்க்குத்தான் வெட்டு. கூடவே நிலத்தடி நீரைக் கண்டபடி உறிஞ்சுவதை நிறுத்துங்கள் என்று வாஷிங்டன் நெருக்கியது. அப்படித்தான் 1980-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. ஃபீனிக்ஸ், டூசான், பிரெஸ்காட், பினால் ஆகிய நான்கு பகுதிகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அங்கே மனைப்பிரிவு போட்டு விற்க வேண்டுமானால் 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

1968-இல் ஒப்புக்கொண்ட வெட்டு 2022-இல் விழுந்தது. அரிசோனாவின் கொலராடோ பங்கில் 5,12,000 ஏக்கர் அடி போயிற்று. ஓர் ஏக்கர் அடி என்பது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். பினால் விவசாயிகள்தான் முதலில் அடிபட்டார்கள். 2023 ஜூனில் ஃபீனிக்ஸ் பகுதிக்கான புதிய நிலத்தடி நீர்க் கணக்கீடு வெளியானது. அடுத்த 100 ஆண்டு நிலத்தடி நீர்த் தேவையில் ஏறத்தாழ 4 சதவீதத்துக்குத் தண்ணீர் இல்லை. நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி நின்றது. வளர்ச்சியே நின்றுவிட்டதாகச் சிலர் பதறினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையைச் செய்தது.

அந்தப் பெரியவரின் கிணறு இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே இருக்கிறது. மாநில நிலப்பரப்பில் பெரும்பகுதி அப்படித்தான். அங்கே நிலம் வைத்திருப்பவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மீட்டர் கூட இல்லாமல் இறைக்கலாம். சவுதி அரேபியப் பால் நிறுவனம் ஒன்றின் கிளை, பட்லர் பள்ளத்தாக்கில் அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தீவனம் விளைவித்துத் தாய்நாட்டு மாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி வந்தது. இறைத்த தண்ணீருக்குக் கட்டணமே இல்லை. 2023-இல்தான் மாநில அரசு அந்தக் குத்தகையை முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. ஆழமாகத் துளைத்தவர் இறைக்க இறைக்க, பக்கத்து வீட்டுக் கிணறு வற்றுகிறது. தெற்கே டக்ளஸ் பகுதி மக்கள் 2022-இல் தாங்களே வாக்களித்துக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பெரியவரின் ஊரும் அதைச் செய்யலாம். அவர் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் மாநிலச் சட்டமன்றம்.

இனி வீடு வாங்குபவர்களுக்கு. போன மாதம் ஓர் இளம் தம்பதி ஒரு மனையைக் காட்டி, "அண்ணா, இடம் பெரிசு, விலை கம்மி, எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம், அலுவலகத் தூரம், வீட்டுக்கடன் வட்டி எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்கள். தண்ணீரைக் கேட்கவில்லை. காகிதத்தைப் பார்த்தேன். ஒரு பெரிய நிலத்தை ஐந்தாகப் பிரித்து விற்கிறார்கள். ஆறு மனையோ அதற்கு மேலோ போனால்தான் இங்கே சட்டப்படி மனைப்பிரிவு. ஐந்தோடு நிறுத்தினால் 100 ஆண்டு விதி தொடாது. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்தில் ஏராளமான வீடுகள் இப்படித்தான் வந்தன. சில நூறு வீடுகள் ஸ்காட்ஸ்டேல் நகரத் தண்ணீரை லாரியில் வாங்கிக் குடித்தன. 2023 ஜனவரி 1 அன்று ஸ்காட்ஸ்டேல் அதை நிறுத்தியது. பெரிய பெரிய வீடுகளில் இருந்தவர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டு, மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள்.

மனை பார்க்கப் போனால், தண்ணீர் தருவது எந்த நகராட்சி, எந்த நிறுவனம் என்று பெயர் கேளுங்கள். அதற்கு 100 ஆண்டுச் சான்று இருக்கிறதா என்பதை நீர்வளத் துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கிணறு என்றால் அதன் பதிவெண்ணை வாங்கி, சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். மனைப்பிரிவாக இருந்தால் ரியல் எஸ்டேட் துறையின் பப்ளிக் ரிப்போர்ட் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதில் எழுதியிருக்கும். "இந்த மனைக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால், ஏன் தேவையில்லை என்று எழுதிக் கேளுங்கள். அந்தத் தம்பதி கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.