ஒளியைச் சேர்ப்பதா, ஒளியால் சேர்ப்பதா? உயிரியல் பாடத்தின் மூன்று சொற்கள்

சாயங்காலம் என்னிடம் ட்யூஷன் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தாள்: "தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன." சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த விடைக்குப் போயிருக்கலாம். ஆனால் இதே வரியைப் பல வருஷமாக வேறு வேறு கையெழுத்தில் பார்த்துவருகிறேன். படிக்காத பிள்ளைகள் எழுதுவது என்று தள்ளிவிட முடியாது, நன்றாகப் படிக்கிறவர்களும் எழுதுகிறார்கள். சுவாசம் என்றால் மூச்சு என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, செடி பகலில் ஒரு காற்றை விடுகிறது, ராத்திரியில் வேறொரு காற்றை விடுகிறது, இரண்டும் இரண்டு விதமான மூச்சு என்று முடிவுகட்டிவிடுகிறது. சொல் காட்டிய வழியில்தான் போயிருக்கிறது.

அதனால் செரிமானம், ஒளிச்சேர்க்கை, சுவாசம் என்ற மூன்று சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

செரிமானம்

"செரிமானம் ஆகவில்லை" என்று வீட்டில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. செரிக்கல, செமிக்கல, ஜீரணமாகல, இந்த மூன்றில் ஒன்றுதான் வாயில் வரும். செரி என்ற வினையோடு மானம் என்ற ஈறு சேர்ந்தால் செரிமானம். வருமானம், கட்டுமானம், தேய்மானம், பிடிமானம் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. இலங்கைப் பாடநூல்களில் இதற்குச் சமிபாடு என்று பெயர். செமிக்கல என்கிறோமே, அந்தச் செமிதான் அங்கே சமி. வேறுபாடு, மாறுபாடு என்பவற்றில் வரும் பாடு பின்னால் ஒட்டியிருக்கிறது. இரண்டுமே நல்ல சொற்கள்.

ஜீரணம் வடசொல். ஜீர்ண என்றால் பழசாகிப்போன, நைந்துபோன என்று பொருள். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் "ஜீர்ணோத்தாரண" என்று ஒரு நீளமான சொல்லைப் பார்த்திருப்பீர்கள். சிதைந்ததை எடுத்து நிறுத்துவது என்பது அதன் பொருள். அங்கே நைந்தது கோயில், இங்கே நைவது சோறு. ஆங்கில டைஜஷனுக்கு மூலமான லத்தீன் சொல்லோ பிரித்து எடுத்துவைப்பதைக் குறிக்கிறது. சட்டங்களையும் கட்டுரைகளையும் வகைபிரித்துச் சுருக்கித் தரும் நூலுக்கு டைஜஸ்ட் என்று பேர் வந்தது அதனால்தான்.

இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சினுக்கு 1836இல் தியோடர் ஷ்வான் பெயர் வைத்தபோது கையில் எடுத்தது ஒரு கிரேக்கச் சொல்லை. சமைப்பது, பழுப்பது, செரிப்பது மூன்றுக்கும் கிரேக்கத்தில் அந்த ஒரே வேர். வடமொழியில் அதற்கு உறவான சொல் பக்வ, அதுதான் நம் வீட்டில் பக்குவம். சாதம் பக்குவமாக வெந்திருக்கிறது என்கிற பக்குவமும் பெப்சினும் தூரத்துப் பங்காளிகள். இதைச் சொன்ன அன்றிலிருந்து என் பிள்ளைகள் யாரும் பெப்சினை மறந்ததில்லை.

வள்ளுவர் இந்த வேலைக்குப் பயன்படுத்திய சொல் இன்னும் நெருக்கமானது. "மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்" என்கிறார். அற்றது என்றால் செரித்துத் தீர்ந்தது. அறுதல் என்ற வினைக்குத் தீர்ந்துபோவது, அறுபடுவது என்ற இரண்டு பொருளும் உண்டு. ஸ்டார்ச் என்கிற மாவுப்பொருள் குளுக்கோஸ் மணிகளை நூற்றுக்கணக்கில் கோத்த நீளமான சங்கிலி. நீர் மூலக்கூறு ஒன்றைச் செருகிச் செருகி அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் நொதியின், அதாவது என்சைமின் வேலை. ஒரு பிடி வெறும் சோற்றை, குழம்பு இல்லாமல், இரண்டு நிமிஷம் விழுங்காமல் மென்று பாருங்கள். முதலில் சப்பென்று இருக்கும், அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாக இனிக்க ஆரம்பிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை அறுக்கத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "உணவு செரிக்கும்போது ஆற்றல் கிடைக்கிறது" என்று எழுதினால் தப்பு. செரிமானம் உணவைத் துண்டாக்கி ரத்தத்தில் விடுவதோடு நின்றுவிடுகிறது. ஆற்றல் பின்னால், வேறு இடத்தில் வருகிறது. அந்த இடத்தைக் கடைசியில் பார்ப்போம்.

ஒளிச்சேர்க்கை

தமிழ் இலக்கண வகுப்பில் வேற்றுமைத்தொகை படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஒரு நல்ல பயிற்சி. ஒளிச்சேர்க்கையை எப்படி விரிப்பது? ஒளியைச் சேர்க்கும் வேலை என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை. ஒளியால் சேர்க்கும் வேலை என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை. பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், செடி வெயிலைச் சேர்த்து உள்ளே வைத்துக்கொள்கிறது என்று. சரியானது இரண்டாவது. சேர்க்கப்படுபவை கார்பன் டை ஆக்சைடும் நீரும். சேர்த்துவைக்கும் கைதான் ஒளி. ஒளியின் ஆற்றல் அதில் அடங்குகிறது என்பது உண்மைதான், ஆனால் செடி கட்டியெழுப்பும் பொருள் ஒளி ஆகாது.

இதே பாடநூலில் மகரந்தச் சேர்க்கை என்று இன்னொரு சேர்க்கையும் இருக்கிறது. அதில் மகரந்தம்தான் போய்ச் சேர்கிறது, அதனால் ஒளியும் அப்படிச் சேர்வதாகக் குழப்பம் இரட்டிப்பாகிறது. போதாததற்குப் பள்ளி வாசலில் மாணவர் சேர்க்கை என்று பலகை வேறு. இலங்கையில் ஒளித்தொகுப்பு என்கிறார்கள். சிறு சிறு பொருள்களைத் தொகுத்து ஒன்றாக்குவது என்ற கருத்து அதில் பளிச்சென்று தெரிகிறது. இந்த ஒரு இடத்தில் அவர்கள் சொல் நம்முடையதைவிடப் பொருத்தம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மூலச்சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. இந்த வேலையை மனிதர்கள் கண்டுகொண்டு நூறு வருஷத்துக்குமேல் அதற்குத் தனிப்பெயர் இல்லை. செடியின் பச்சைப் பாகங்கள் வெயிலில் மட்டுமே நல்ல காற்றை விடுகின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் 1779இல் எழுதினார். 1893இல்தான் சார்லஸ் பார்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இரண்டு பெயர்களை முன்வைத்தார். ஒன்று போட்டோசின்டாக்ஸ், மற்றது போட்டோசிந்தசிஸ். அவருக்குப் பிடித்தது முதலாவது. சின்டாக்ஸ் என்பது சொற்களை முறையாக அடுக்கி வாக்கியமாக்கும் இலக்கணம், நாம் தொடரியல் என்கிறோமே, அது. அவர் விரும்பியது நிலைக்கவில்லை, சிந்தசிஸ் நிலைத்துவிட்டது. சேர்த்துவைத்தல் என்பது அதன் கிரேக்கப் பொருள், நம் சேர்க்கை அதை நேராகத் தமிழாக்கியது. ஆக, சேர்க்கை தவறான சொல் ஆகாது. விரிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்காததுதான் குறை.

பெரிய குறை உள்ள சொல் பக்கத்திலேயே இருக்கிறது: இருள்வினை. ஒளிச்சேர்க்கையின் முதல் கட்டம் ஒளிவினை, அதில் நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. வெளியேறும் ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வருகிறது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை என்பதை ரூபன், காமன் என்ற விஞ்ஞானிகள் ஐசோடோப்பு எனப்படும் கனமான ஆக்சிஜன் அணு வகையைக் கொண்டு 1941இல் காட்டினார்கள். இரண்டாவது கட்டத்தில் சர்க்கரை உருவாகிறது. அதற்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்பதால் இருள்வினை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் அதை ராத்திரி நடக்கும் வினை என்று படிக்கிறார்கள். உண்மையில் அதுவும் பகலில், ஒளிவினை தரும் ஆற்றலைக் கொண்டே நடக்கிறது. கால்வின் சுழற்சி என்றே சொல்லிவிடுவது நல்லது. அதைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுவாசம்

இனி அந்த விடைத்தாள்.

சுவாசம் வடமொழியில் ஸ்வாஸ என்பதிலிருந்து வந்தது. மூச்சு, பெருமூச்சு, இரைப்பு என்பதுதான் அதன் பொருள். மூச்சுவாங்கி இளைப்பாறுவது ஆசுவாசம். விசுவாசமும் அதே வேரில் பிறந்ததுதான், பயமில்லாமல் நிம்மதியாக மூச்சுவிட முடிகிறவரிடம்தானே நம்பிக்கை வரும். ஆங்கில ரெஸ்பிரேஷனுக்கும் திரும்பத் திரும்ப மூச்சுவிடுவது என்பதே வேர்ப்பொருள். இரண்டு மொழியிலும் சொல் மூக்கிலும் நெஞ்சிலும் பிறந்தது. பிறகு அறிவியல் வளர்ந்து, மூச்சு எதற்காக என்று தோண்டிக்கொண்டே போய் செல்லுக்குள் இறங்கியபோது பழைய சொல்லையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தத் தோண்டலில் முக்கியமான இடம் பாரிஸ். லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1780களின் தொடக்கத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளியிட்ட காற்றின் அளவையும் கரி எரியும்போது வரும் காற்று, வெப்பம் இவற்றின் அளவையும் ஒப்பிட்டார்கள். உயிருக்குள் நடப்பதும் ஒரு மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். "தீயளவு அன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயளவு இன்றிப் படும்" என்ற குறளில் வரும் தீயை உரையாசிரியர்கள் வயிற்றுத் தீ என்பார்கள். உடம்புக்குள் ஒன்று எரிகிறது என்று நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது எரிவது வயிற்றில் இல்லை, ஒவ்வொரு செல்லிலும்.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: வயிற்றில் அறுபட்டு வந்த குளுக்கோஸ் செல்லுக்குள் இரண்டாக உடைகிறது. துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் போகின்றன. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விவரித்த சுழற்சியில் கார்பன் கழன்று கார்பன் டை ஆக்சைடாகிறது. எஞ்சிய ஹைட்ரஜனை ஆக்சிஜன் ஏற்றுக்கொண்டு நீராகிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கு ஏடிபி என்ற மூலக்கூறுகளில் பிடிபடுகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று மனப்பாடம் செய்த தலைமுறை எங்களுடையது. இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை.

மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரை இட்டவர் கார்ல் பெண்டா, 1898இல். கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் சிறுமணி. நுண்ணோக்கியில் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. இலங்கைத் தமிழில் அது இழைமணி. நூலுக்கு இழை, மணிக்கு மணி, ஒன்றும் சிந்தாமல் வந்திருக்கிறது. எங்கள் பாடநூலிலும் இந்தச் சொல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன்.

சரி, செல்லுக்குள் நடக்கும் இந்த வேலைக்கு மூக்கோடு ஒட்டாத ஒரு தமிழ்ச்சொல் உண்டா? உயிர்ப்பு உண்டு. பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். "எலிப்பகை நாகம் உயிர்ப்பக் கெடும்" என்ற குறளில் பாம்பு ஒருமுறை மூச்சுவிட, எலிக்கூட்டம் அத்தனையும் அழிகிறது. "கண்டு கேட்டு உண்டு உயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்ற குறளில் அதே வினை முகர்வதைக் குறிக்கிறது. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. அப்படியானால் இதுவும் மூச்சுதானே என்று கேட்கலாம். பழைய பொருளில் ஆமாம். ஆனால் இன்றைக்கு உயிர்ப்பு என்றால் யாருக்கும் மூக்கு நினைவுக்கு வருவதில்லை. உயிர்ப்புள்ள எழுத்து என்கிறோம், கிறிஸ்தவர்கள் உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடுகிறார்கள். உயிரோடு இருக்கிற நிலை என்ற பொருள் மேலெழுந்து, மூச்சு அடியில் தங்கிவிட்டது. நமக்கு வேண்டியதும் அந்த வரிசைதான். நுரையீரல் செய்வதை மூச்சுவிடுதல் என்றும், செல் செய்வதைச் செல் உயிர்ப்பு என்றும் பிரித்துச் சொன்னால், செடி ராத்திரியில் மட்டும் உயிர்க்கிறது என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. எழுதினால் அதற்கே இடிக்கும்.

நான் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு ப்ளாஸ்க் எடுத்துவரச் சொன்னேன். ஒன்றில் முளைகட்டிய பாசிப்பயறு, இன்னொன்றில் வேகவைத்து ஆறவைத்த பயறு, வாயில் பஞ்சு, பஞ்சைக் குத்தி ஆளுக்கொரு தெர்மாமீட்டர். மறுநாள் வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து பார்த்தாள். வெந்த பயறு அறைச் சூட்டிலேயே நின்றது, முளைப்பயறில் கோடு ஏறியிருந்தது.

"மிஸ், இது இலையே இல்லை. மூச்சும் விடல. எப்படிச் சுடுது?"

"பகலா ராத்திரியா ஏறுச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ரெண்டு நேரமும்தான் இருக்கும்" என்றாள். அப்புறம் தன் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, "இரவில்" என்பதை அடித்துவிட்டு "எப்போதும்" என்று எழுதினாள். தேர்வில் செல் சுவாசம் என்றே எழுது, மதிப்பெண் அதற்குத்தான் என்று சொல்லிவைத்தேன். நோட்டு ஓரத்தில் மட்டும் பென்சிலால் உயிர்ப்பு என்று குறித்துக்கொண்டாள்.