டன்ஜன்: கோபுரத்திலிருந்து பிலத்துக்கு

1986 செப்டம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசைமேல் ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டுக்கென்று ஒரு புதிய இதழ் வெளிவந்தது. பெயர் ‘டன்ஜன்’. அகராதியைப் புரட்டினால் ‘பாதாளச் சிறை’ என்று இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துப் பாதாளச் சிறையை வாங்குகிறவர்கள் இருப்பார்களா? இருந்தார்கள். 2007 செப்டம்பர் வரை 150 இதழ்கள் அச்சில் வந்தன.

அந்தப் பழைய இதழ்களை இப்போது புரட்டினால் ஒன்று உடனே தெரியும். அவற்றில் சிறைகள் குறைவு, கைதிகள் அதைவிடக் குறைவு. பக்கத்துக்குப் பக்கம் வரைபடம் உண்டு. எண்ணிட்ட அறைகள், அவற்றை இணைக்கும் வளைந்த வழிகள், மூடிய கதவுகள், அடியில் இன்னொரு தளம், அதற்கும் அடியில் ஏதோ ஒன்று. உள்ளே போகிறவர்களை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவர்களாகவே கயிறும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். சிறையில் அடைபட்டவனுக்கு வெளியே வருவது ஒன்றுதான் குறிக்கோள். இங்கே உள்ளே நுழைவதே குறிக்கோள். ஆகவே ‘பாதாளச் சிறை’ என்ற மொழிபெயர்ப்பு இந்த இதழ்களுக்கு ஒட்டவில்லை. பிறகு எது ஒட்டும் என்று கேட்டால், சொல் நடந்துவந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்று டன்ஜன் என்றால் பூமிக்கடியில் இருப்பது. சொல் பிறந்தபோதோ அது கோட்டையிலேயே உயரமான இடம். பழைய பிரெஞ்சில் ‘தோன்ழோன்’ என்பது கோட்டைத் தலைவன் வாழும் பெரிய கோபுரம். தலைவன், எசமான் என்று பொருள்படும் இலத்தீன் ‘தோமினுஸ்’ அதன் மூலம் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. அந்த தோமினுஸுக்கும் மூலம் வீடு என்று பொருள்தரும் ‘தோமுஸ்’. ஆக, டன்ஜன் என்றால் ஆதியில் ‘எசமானுக்குரியது’. ‘டேஞ்சர்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். எசமானின் அதிகாரத்துக்குள் அகப்பட்டுக்கொள்வதுதான் முதலில் டேஞ்சர். நிலத்தடி அறையைக் குறித்த ஒரு பழைய ஜெர்மானியச் சொல்லே மூலம் என்று வாதிடுவோரும் உண்டு.

பிரான்சில் இன்றும் பழைய பொருள்தான். பாரிஸ் ஓரத்து வின்சென் கோட்டையின் தோன்ழோன் ஏறக்குறைய 50 மீட்டர் உயரம், 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அண்ணாந்து பார்க்க வேண்டிய டன்ஜன். இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டுக்குப் பிரெஞ்சில் ‘தோன்ழோன் எ திராகோன்’ என்று பெயர் வைத்தார்கள். ஒலி அப்படியே வந்துவிட்டது, பொருள் மட்டும் ‘கோட்டைக் கோபுரங்களும் டிராகன்களும்’ என்று ஆகிப்போனது.

உச்சியில் இருந்த சொல் எப்படிப் பாதாளத்தில் விழுந்தது? கோட்டையில் கெட்டிச் சுவர் உள்ள இடம் அந்தக் கோபுரம்தான். எசமானைப் பகைவரிடமிருந்து காக்கும் சுவர் பகைவனை உள்ளே பூட்டிவைக்கவும் தோதானது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவி சாசர், வீரன் ஒருவன் சொல்லும் கதையில் இரண்டு இளைஞர்களைச் சிறைவைக்கும் இடத்தைக் கோட்டையின் தலைமை ‘டன்ஜன்’ என்கிறார். தடித்த, வலிய, பெரிய கோபுரம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கோபுரமும் அதுவே, சிறையும் அதுவே. சொல் இரண்டு காலையும் இரண்டு படியில் வைத்து நிற்கிற தருணம் அது. வின்சென் கோபுரமும் பிற்காலத்தில் சிறையானது. 1749இல் எழுத்தாளர் திதெரோ அங்கே அடைபட்டுக் கிடந்தார். பிறகு ஆங்கிலத்தில் கோபுரத்துக்கு ‘கீப்’ என்ற வேறு சொல் வந்து உட்கார்ந்துகொள்ள, டன்ஜனுக்கு மேல்மாடியில் இடமில்லாமல் அடித்தளத்துக்குப் போயிற்று.

சரி, அங்கிருந்து விளையாட்டுக்கு. 1970களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்பவர் நண்பர்களோடு மேசைமேல் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம். அவர் அதில் பிளாக்மூர் என்ற கற்பனைக் கோட்டையை வைத்து, கோட்டைக்கு அடியில் அடுக்கடுக்காக வழிகளையும் வரைந்தார். ஆளுக்கு ஒரு படை என்பது போய் ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று ஆனது. நண்பர்களுக்குக் கீழே இறங்குவதே பிடித்துப்போனது. மேலே கோட்டையைக் காக்க ஆளில்லாமல் அது எதிரிகள் கைக்குப் போய்விட்டது என்பது இந்த வட்டாரத்தில் பழங்கதை. லேக் ஜெனிவாக்காரரான கேரி கைகாக்ஸ் இதைப் பார்த்துவிட்டு, தாமும் கிரேஹாக் என்ற கோட்டையும் அதன் அடித்தளங்களும் வரைந்தார். இருவர் பெயரிலும் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வந்தது. ஒரு பெட்டியில் மூன்று சிறு கையேடுகள், முதல் அச்சு ஆயிரம் படிகள்.

அந்த மூன்றாம் கையேட்டின் தலைப்பைக் கவனிக்க வேண்டும். ‘அடியுலகும் காட்டுவெளியும்’ பற்றிய சாகசங்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தலைப்பிலேயே சிறை இல்லை, அடியுலகம்தான். நல்ல டன்ஜனுக்குக் கீழ்நோக்கி ஒரு டஜன் தளமாவது வேண்டும் என்கிறது கையேடு. எந்த அரசனும் கைதிகளுக்காகப் பன்னிரண்டு தளம் தோண்டமாட்டான். சொல் இங்கே மூன்றாவது பொருளுக்குத் தாவிவிட்டது: ஆபத்தும் புதையலும் கலந்து கிடக்கும் நிலத்தடி உலகம். அது பாழடைந்த கோயிலாக இருக்கலாம், கல்லறையாக, சுரங்கமாக, வெறும் குகையாகவும் இருக்கலாம். ஆடுவதற்கென்று எழுதித் தரும் கதைக்களத்தைச் சாகசம் என்பார்கள்; கைகாக்ஸ் எழுதிய பிரபல சாகசம் ஒன்றில் ‘கீப்’ என்பது வீரர்கள் உண்டு உறங்கும் பத்திரமான கோட்டை, ஆபத்தெல்லாம் பக்கத்துக் குகைகளில். ஒரு காலத்தில் ஒரே கட்டடத்தைக் குறித்த இரண்டு சொற்கள் எதிரெதிர் முனையில் போய் நின்றுவிட்டன.

அடியுலகம் ஏன் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு பொருந்தியது? ஆட்டம் நடத்துகிறவர் வாயால் சொல்லித்தான் உலகம் எழும்புகிறது. திறந்த வெளியில் ஆட்டக்காரர் எந்தத் திசையிலும் ஓடலாம், நடத்துகிறவர் திணறிப்போவார். நிலத்தடியில் சுவர் இருக்கிறது. இடமா வலமா, கதவைத் திறக்கவா வேண்டாமா என்ற கேள்விதான். கட்டம்போட்ட தாள் ஒன்றும் பென்சிலும் போதும். ஒரு கட்டம் என்பது பத்தடி. 1975 வசந்தத்தில் இந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் ‘ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ’ என்ற சின்ன செய்தியிதழைத் தொடங்கியபோது, கைகாக்ஸ் முதல் இதழிலேயே தனியாள் ஆடுவதற்கான விதிகளைக் கொடுத்தார். பகடையை உருட்டினால் வழி எவ்வளவு தூரம் போகிறது, எங்கே திரும்புகிறது, அறைக்குள் என்ன கிடக்கிறது என்று அட்டவணை சொல்லிவிடும். கூட்டாளி கிடைக்காதவனுக்குப் பகடையே நிலவறை கட்டிக்கொடுத்தது.

அந்தச் செய்தியிதழ் ஏழோடு நின்று, 1976 ஜூனில் ‘டிராகன்’ ஆனது. டிராகன் விதிகளும் விவாதங்களும் கதைகளும் கேலிச்சித்திரங்களும் கலந்த கதம்பம். பத்தாண்டு கழித்துப் பிறந்த டன்ஜன் முழுக்க முழுக்கச் சாகசங்கள், பெரும்பாலும் வாசகர்களே எழுதி அனுப்பியவை. இங்கிலாந்தில் 1977இல் இயன் லிவிங்ஸ்டன் ஆசிரியராக இருந்து தொடங்கிய ‘ஒயிட் டுவார்ஃப்’ வேறு சுவை. வாசகர்கள் கற்பனை செய்த பூதங்களுக்கென்றே அதில் அப்போது ஒரு பகுதி இருந்தது. 1979இல் அதில் ‘கித்யாங்கி’ என்ற இனத்தை எழுதி அனுப்பியவர் பதின்ம வயதுப் பையன் ஒருவர், பிற்காலத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பேர் எடுத்த சார்லஸ் ஸ்ட்ராஸ். 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டிலும் அந்த இனத்தார் வாளோடு வந்து நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் ‘மேகசின்’ என்ற சொல்லையும் தொட்டுவிடலாம், ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அரபியில் ‘மக்ஸன்’ என்றால் பண்டகசாலை. துப்பாக்கித் தோட்டா அடுக்கும் மேகசினும் வெடிமருந்துக் கிடங்கான மேகசினும் அந்தப் பொருளிலேயே நிற்கின்றன. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தம் இதழுக்கு இந்தப் பெயரை வைத்தபோது, பலவகைச் சரக்கும் கிடைக்கும் கிடங்கு என்ற எண்ணத்தில்தான் வைத்தார். கேவ் என்றால் குகை; நிலவறை பற்றி எழுதும்போது இப்படி ஒரு பெயர் மாட்டுவது அதிர்ஷ்டம். நாம் சொல்லும் ‘கஜானா’வும் இதே அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக வந்ததுதான். டன்ஜன் மேகசின் என்பதை வேர்வரை தோண்டினால் ‘எசமானின் கஜானா’ என்று வரும். புதையல் தேடுகிறவர்களுக்கு ஏற்ற பெயர்தான், வைத்தவர்கள் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

இனி தமிழ்ச் சொல். ‘பாதாளச் சிறை’யைச் சரித்திரத் தொடர்கதைகளுக்கே விட்டுவிடலாம், அங்கே அது சரியாகப் பொருந்துகிறது. அடுத்தது ‘நிலவறை’. நல்ல சொல், பழகிய சொல். 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது மலையாளத்திலும் ‘நிலவற’ என்றே எழுதினார்கள். பூட்டிய கதவு, உள்ளே பொன், திறக்காத ஓர் அறையைச் சுற்றி வளர்ந்த பாம்புக் கதை என்று எல்லாம் இருந்ததால், டன்ஜன் இதழ் வாசகர் எவருக்கும் அந்தச் செய்தி புதிதாகப் பட்டிருக்காது. ஆனால் நிலவறை என்பது ஓர் அறை, அல்லது நான்கைந்து அறை. பன்னிரண்டு தளத்தை அது தாங்காது. ‘சுருங்கை’ இன்னொரு பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் மதுரையில் யானைக்கூட்டம் போகும் சுருங்கை வீதி வருகிறது. குழல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இதைச் சேர்த்துச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. சுருங்கை என்பது வழி, இடமல்ல. வரைபடத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே ஓடும் நடைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

என் வாக்கு ‘பிலம்’ என்ற சொல்லுக்கு. வடமொழியில் பொந்து, குகை என்று பொருள்படும் சொல். தமிழில் வெகுகாலமாகப் புழங்குவது. கம்பராமாயணத்தில் சீதையைத் தேடிப் போகும் வானரர்கள் தண்ணீர்த் தாகத்தில் இருண்ட பிலம் ஒன்றுக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஒரு பொன்னகரமே இருக்கிறது, சுயம்பிரபை என்ற பெண் தவம் செய்துகொண்டிருக்கிறாள். அந்தப் பகுதிக்குப் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே பெயர். புகுவதும் நீங்குவதும்: டன்ஜன் ஆட்டத்தின் இலக்கணத்தை மூன்று சொல்லில் அடக்கிய தலைப்பு.

அதைவிட நெருக்கமான சாட்சி சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். இடப்பக்க வழியில் போனால் திருமால் குன்றத்தில் ஒரு பிலம் உண்டு என்கிறான் அவன். உள்ளே மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் இந்திரனின் இலக்கண நூல் அறிவு, இன்னொன்றில் முற்பிறப்பு அறிவு, மூன்றாவதில் நினைத்தது கைகூடும். சும்மா நுழைய முடியாது. மலையை மூன்று முறை வலம்வந்தால் வரோத்தமை என்பவள் தோன்றி, இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, இரண்டும் இல்லாமல் என்றும் நிலைத்து நிற்பது எது என்று கேட்பாள். விடை சொன்னால் கதவு திறக்கும். உள்ளே போகப் போகக் கதவுகள் பல. நடுவில் ஓவியப் பாவை போல இன்னொருத்தி இன்னொரு கேள்வியோடு நிற்பாள். வாயிற்காவல், விடுகதை, அடுக்குக் கதவு, கடைசியில் பரிசு. இதை அப்படியே வரைபடமாக்கி அனுப்பியிருந்தால் டன்ஜன் இதழில் போட்டிருப்பார்கள்.

அப்புறம் ஆட்டம் நடத்துகிறவருக்கு ஒரு பெயர் வேண்டும். 1974 கையேட்டில் அவர் வெறும் நடுவர்தான். ‘டன்ஜன் மாஸ்டர்’ என்ற பட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘நடத்துநர்’ என்றால் நம் ஊரில் விசிலும் டிக்கெட் பையும்தான் நினைவுக்கு வரும். ‘பிலத்தலைவர்’ என்றால் உள்ளே குடியிருக்கும் அசுரன் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஆட்டத்தலைவர்’ பரவாயில்லை, எல்லா வகை ஆட்டத்துக்கும் பொருந்தும்.

மறையோன் இத்தனை ஆசை காட்டியும் கவுந்தியடிகள் அசையவில்லை. உயிர்களை ஓம்பி வாய்மை வழுவாமல் வாழ்வோருக்கு எய்தாத பொருள் உண்டா என்று கேட்டுவிட்டு, பிலம் வேண்டாம் என்று வேறு வழியில் நடந்தார். பிலத்தை விட்டவர்களுக்குக் காட்டுவெளி வாய்த்தது. அந்த வழியில் தண்ணீருக்காகக் கோவலன் ஒரு பொய்கைக்குப் போனபோது, கானுறை தெய்வம் ஒன்று மாதவியின் தோழி வயந்தமாலை உருவில் வந்து அவன் காலில் விழுந்து அழுதது.