பூங்கிளையில் ஒரு பறவை: ஓவியத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பெங்களூரில் ஓவியங்களை மதிப்பிட்டுச் சொல்லும் பணியில் இருக்கிறேன். சித்ரகலா பரிஷத்தின் ஓவியச் சந்தையான சித்ரசந்தையில் வாங்கிய பறவைப் படங்களோடு வரும் அல்சூர், ஜெயநகர்த் தமிழ்க் குடும்பத்தினர் பலரும், "அச்சு அசலாகப் போட்டோ மாதிரியே இருக்கிறதே, நல்ல படம்தானே?" என்று கேட்கிறார்கள். இறகை இழை இழையாகத் தீட்டுவது கைத்திறன்தான். ஆனால், ஓவியர் அந்தப் பறவையை உயிரோடு கவனித்தாரா என்பதற்கு, அதற்கும் பூவுக்கும் இடையே அவர் காட்டியிருக்கும் உறவே சாட்சி. பறவையையும் பூவையும் ஒரே நிலத்தின் கருப்பொருள்களாகக் கண்ட திணை மரபில் வந்த நமக்கு இந்தப் பார்வை அந்நியமானதன்று.

முதலில் கால்விரல்களைப் பாருங்கள். தேன்சிட்டுக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னுமாக இருக்கும். கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அடுத்து கிளை. முள்ளிலவும் கல்யாண முருங்கையும் பெரும்பாலும் இலையுதிர்த்த பிறகே பூப்பவை என்பதால், அடர்ந்த பச்சை இலைகளுக்கு நடுவே அவற்றின் பூக்கள் சிவந்து நின்றால் ஓவியரிடம் விளக்கம் கேட்கலாம்.

தேன்சிட்டுப் படங்களில்தான் பிழை மலிந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங்பேர்டைப் போல அது அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிப்பதாக வரைந்துவிடுகிறார்கள். நம் தேன்சிட்டு சில நொடிகள் அப்படிப் பறந்தாலும், பெரும்பாலும் காம்பையோ கிளையையோ பற்றிக்கொண்டுதான் குடிக்கும். அலகு எட்டாத நீண்ட பூவானால் அடிப்பகுதியில் துளையிட்டுத் தேனை எடுத்துவிடும். பூவின் அடியில் அந்தச் சிறு துளையையும் தீட்டியிருக்கும் ஓவியரை நான் தயங்காமல் நம்புவேன். ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும். மற்ற மாதங்களில் மஞ்சள் நிற அடிப்பகுதியும் அதன் நடுவே ஒரு கரும்பட்டையுமாக இருக்கும். ஆகவே, பறவையின் நிறமும் கிளையில் மலர்ந்திருக்கும் பூவும் ஒரே பருவத்தைச் சொல்ல வேண்டும்.

எல்லாப் படங்களையும் இந்த அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. 1777 முதல் 1782 வரை கல்கத்தாவில் மேரி இம்பே என்ற சீமாட்டிக்காக ஷேக் ஜைனுத்தீன் முதலிய பாட்னா ஓவியர்கள் வரைந்த பறவைகளுள் பல, அவருடைய வீட்டில் வளர்க்கப்பட்டவை. வெறும் வெள்ளைத் தாளில் கிளையோடு நிற்கும் அவை ஆவணங்கள். அந்தக் கிளையைக் கொண்டு பறவையின் வாழிடத்தை முடிவு செய்வது தவறாகும்.

இன்றைய ஓவியரிடம் வாங்கும்போது, எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மரத்தில் அந்தப் பறவையைப் பார்த்தார் என்று கேளுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அது யார் எடுத்தது என்றும் கேளுங்கள். பதிலைப் படத்தின் பின்புறம் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.