கல்லான அடிமரம்: ஒரு சொல்லும் அதன் வேரும்

நெடுங்காலம் மண்ணில் புதைந்து எஞ்சிய மரத்தின் அடிப்பகுதியைப் புவியியலாளர்கள் ‘ஃபாசில் ஸ்டம்ப்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்று பெயர்கள் முன்னால் வந்து நிற்கும்: கல்மரம், புதைபடிவ அடிக்கட்டை, தொல்லுயிர் எச்ச மரம். எது கைக்கு வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. சொல் பிசகினால் பராமரிப்பும் பிசகும் என்பதுதான் இதில் கவலைக்குரியது. ‘கல்’ என்று நம்பி வெயிலில் விடப்பட்ட கட்டை காய்ந்து வெடித்து உதிரும். காரணம், அது கல்லாகவே மாறியிருக்காது.

முதலில் ‘ஃபாசில்’. லத்தீனில் ‘தோண்டு’ என்று பொருள்படும் ‘ஃபோதெரே’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘ஃபாஸிலிஸ்’ தான் இதன் மூலம். நேர்ப்பொருள் ‘தோண்டி எடுத்தது’, அவ்வளவுதான். உயிர் என்ற கருத்து அதில் இல்லை. 1546-ல் ஜெர்மன் கனிமவியல் அறிஞர் அக்ரிகோலா இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து நூல் எழுதியபோது உப்பு, படிகம், உலோகக் கல், களிமண் என்று நிலத்திலிருந்து எடுக்கும் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார். பழைய உயிர்களின் எச்சத்துக்கு மட்டுமே உரியதாகச் சொல் சுருங்கியது பிறகுதான்.

தமிழில் வந்த இரண்டு பெயர்களும் இந்தப் பொருளின் இரண்டு பாதிகளைப் பிடித்திருக்கின்றன. ‘புதைபடிவம்’ புதைந்ததைச் சொல்கிறது, உயிரைச் சொல்லவில்லை. ‘தொல்லுயிர் எச்சம்’ உயிரைச் சொல்கிறது, புதைந்ததைச் சொல்லவில்லை. எச்சம் என்பது எஞ்சியது. கால்தடமும் வேர் போன துளையும்கூட எஞ்சியவைதான் என்பதால் பொதுப்பெயராகத் ‘தொல்லுயிர் எச்சம்’ அகலமாக நிற்கிறது. ‘படிவம்’ விண்ணப்பத் தாளையும் குறிப்பதால் தனியாக நிற்கும் இடத்தில் கொஞ்சம் இடறும். ‘புதை’ முன்னால் இருக்கும்வரை குழப்பமில்லை.

அடுத்து, கல்மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்ரிஃபைடு’. கிரேக்கத்தில் ‘பெத்ரா’ என்றால் பாறை. பாறையாக ஆக்கப்பட்டது என்பது பொருள். இதற்குத் தமிழில் ‘கல்லாதல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவிர்ப்பது நல்லது. ‘கல்லாதல்’ என்றால் கல்லாக ஆவதும் உண்டு, கற்காமல் இருப்பதும் உண்டு. பெயரெச்சமாகும்போது ‘கல்லாத மரம்’ என்று கைதவறி எழுதிவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். வினைக்குக் ‘கல்லாக மாறுதல்’, செயல்முறைக்குக் ‘கல்லாக்கம்’, விளைவுக்குக் ‘கல்மரம்’ என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. இவற்றில் கல்மரம் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல். அதை மாற்ற எந்தத் தேவையும் இல்லை.

‘ஸ்டம்ப்’ தான் கடினம். அடிக்கட்டை என்று எழுதுகிறோம். ஆனால் கட்டை என்றதும் கோடரி நினைவுக்கு வருகிறது: வெட்டி எடுத்த பிறகு தரையில் மிஞ்சியது. தொல்காட்டு மரங்களை யாரும் வெட்டவில்லை. வெள்ளமோ எரிமலைச் சேறோ வந்து மரத்தின் அடியை மூடியது. மூடிய உயரம்வரை காற்று புகாமல் நிலைத்தது, அதற்கு மேலே இருந்தது மக்கி விழுந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஃப்ளோரிசண்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சேறு ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு வந்து செம்மரக்காட்டின் (ரெட்வுட் இனம்; நம் செஞ்சந்தனம் அல்ல) அடிப்பகுதிகளைச் சூழ்ந்தது. சேறு ஏறிய மட்டம்வரைதான் மரம் கல்லானது. அந்த மொட்டை முனை வெட்டின் அடையாளமல்ல, சேற்றின் மட்டம்.

அதனால் ‘அடிமரம்’ என்பதே பொருத்தமான சொல். மரம் முழுசாக நிற்கும்போதும் அதன் கீழ்ப்பகுதி அடிமரம்தான். மேலே இருந்தது போனாலும் அது அடிமரம்தான். ‘தூர்’ இன்னும் நெருக்கமானது, வேரோடு சேர்ந்த அடியைக் குறிப்பது. வேர் பரவல் தெரியும்படி கிடைத்த எச்சத்துக்குத் ‘தூர்’ என்றே எழுதலாம். சங்கப் பாடல்களில் இதே பகுதிக்கு ‘அரை’ என்று பெயர்: ‘பராரை’ பருத்த அடிமரம், ‘பொரியரை’ பட்டை பொரிந்த அடிமரம். அழகான சொல். ஆனால் இன்று அரை என்றால் பாதி என்றே காதில் விழும் என்பதால் மீட்டெடுக்க முடியாது.

ஆக, பொதுப்பெயர் ‘தொல்லுயிர் அடிமரம்’. இதற்குள் மூன்று வகை. இந்தப் பிரிவில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

ஒன்று, கல்லான அடிமரம். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து, செல்சுவரின் மேல் படிந்து, உள்ளறையை நிரப்புகிறது. எரிமலைச் சாம்பல் அருகில் இருந்தால் சிலிக்கா தாராளமாகக் கிடைக்கும். இதற்குக் ‘கனிம நிரப்பு’ என்று சொல்லலாம். மரப்பொருள் மக்கிப் போகும் வேகத்தைவிடச் சிலிக்கா படியும் வேகம் முந்தினால்தான் ஆண்டுவளையமும் செல்லும் தப்பும். நிரப்பு தொடங்க லட்சக்கணக்கான ஆண்டு ஆகும் என்ற எண்ணம் தவறு. ஜப்பானின் தத்தேயாமாவில் சிலிக்கா மிகுந்த வெந்நீரில் கிடந்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளுக்குள்ளேயே கணிசமாகச் சிலிக்கா ஏறியிருந்தது. முழுதும் கெட்டிப்பட்டுப் படிகமாவதற்குத்தான் நெடுங்காலம். சிவப்பும் மஞ்சளும் இரும்பின் வேலை, கருமைக்கு மாங்கனீசோ கரியோ காரணம்.

இரண்டு, வார்ப்பு அடிமரம். வார்ப்படத் தொழிலில் அச்சும் வார்ப்பும் எப்படியோ அப்படியேதான் இதுவும். அடிமரத்தின் உட்புறம் அழுகி வெறுங்கூடாகிறது. அந்த அச்சுக்குள் மணலும் சேறும் நிறைந்து பாறையாகின்றன. உள்ளே ஒரு செல்கூட மிச்சமில்லை, வெளிவடிவம் மட்டும் மரம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887-ல் வெளிப்பட்ட 11 அடிமரங்கள் இந்த வகை. ஏறத்தாழ 32.5 கோடி ஆண்டுப் பழமையான, லெபிடோடெண்ட்ரான் என்ற அழிந்துபோன மர இனம் அவை. வேர்கள் இரண்டிரண்டாகக் கிளைத்துத் தரையில் பரவியிருப்பது இன்றும் தெரிகிறது. கனடாவின் ஜாகின்ஸ் கடலோரச் செங்குத்துப் பாறையில் நிற்பவையும் அப்படியே. அங்கே 1852-ல் புவியியலாளர்கள் லயெல்லும் டாசனும் ஒரு வெற்று அடிமரத்துக்குள் நிறைந்த பாறையில் பழங்கால நான்குகால் விலங்குகளின் எலும்பைக் கண்டார்கள். அதனால் வார்ப்பை ‘வெறும் மணல் உருளை’ என்று உடைத்துப்போடுவது பெரிய இழப்பு. மரம் இல்லாத அந்த இடத்தில் விலங்கு இருக்கலாம்.

மூன்று, கல்லாகாத அடிமரம். ஹங்கேரியின் பூக்கப்ரானியில் 2007-ல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 16 சதுப்புச் சைப்ரஸ் அடிமரங்கள் நின்ற நிலையில் வெளிப்பட்டன. வயது 70 முதல் 80 லட்சம் ஆண்டு. ஆனால் தொட்டால் மரம், அறுத்தால் மரம். கல்மரம் என்று இவற்றை எழுதுவது தகவல் பிழை. ‘புதைமரம்’ என்று எழுதலாம்.

ஒரு துண்டைப் பார்த்து வகை சொல்ல எளிய சோதனைகள் உண்டு. அடிமரத்தின் மேல் செய்யாமல், அருகில் தானாக உதிர்ந்து கிடக்கும் சில்லில் செய்ய வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் எஃகுக் கத்தி சுமார் 5.5, சிலிக்காவின் படிகமான குவார்ட்சு 7. கத்தி வழுக்கிச் சாம்பல்நிறக் கோடு விட்டால், அந்தக் கோடு கத்தியிலிருந்து வந்த இரும்பு; சில்லு சிலிக்கா. கீறல் விழுந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலச் சொட்டில் நுரைத்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி. குறுக்கு முகத்தில் வளையங்களும், மையத்திலிருந்து ஆரக்கால்போல ஓடும் மெல்லிய கதிர்க்கோடுகளும், ஊசிமுனைத் துளைகளும் சேர்ந்து தெரிந்தால் அது மரம். வளையம் மட்டும் தெரிந்து, கதிரும் துளையும் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும்: உருண்டைக் கனிமத் திரட்சிகளும் வெங்காயத் தோல்போல உரியும் பாறைகளும் இப்படித்தான் ஏமாற்றும். இனத்தை அறிய மூன்று முகங்களில், அதாவது குறுக்கு, ஆரம், தொடுகோடு ஆகிய திசைகளில் சீவி, 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த தகடு வேண்டும். ஒரே முகத்தில் செய்த தகடு பாதி விடைதான் தரும்.

கண்டுபிடித்தவுடன் செய்யக்கூடாத முதல் வேலை, பிடுங்குவது. நின்ற இடத்தில் நிற்கும் அடிமரம் தன்னைவிட அதிகம் சொல்லும்: எந்த மண்ணில் முளைத்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, பக்கத்து மரம் எத்தனை மீட்டரில் நின்றது. அமெரிக்காவின் கில்போவாவில் 1920-களில் அணை வேலைக்குக் கல் எடுத்தபோது சுமார் 38.5 கோடி ஆண்டு பழைய அடிமரங்கள் ஏராளமாக வெளிவந்தன. அவை நின்ற காட்டுத்தரையின் வரைபடம் வேண்டுமென்றால், 2010-ல் அந்தக் குழியின் நிரப்பு மண்ணை மறுபடி அள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முறை இதுதான். இயந்திரத்தை நிறுத்தி, சுற்றி 2 மீட்டர் இடம் விட்டுக் கயிறு கட்ட வேண்டும். அளவுகோலும் வடதிசைக் குறியும் வைத்து, படத்துக்குப் படம் 60 முதல் 80 சதவீதம் மேற்படியும்படி சுற்றிவந்து எடுத்தால் பின்னர் முப்பரிமாண உரு செய்யலாம். மேல்விட்டம், தரைமட்ட விட்டம், உயரம், சாய்வு, அடுத்த அடிமரத்துக்கான தூரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். அடியிலுள்ள மண்ணில் ஒரு பிடி தனியாக உறையிலிட வேண்டும்; வேர் ஊன்றிய பழைய மண்ணா, அடித்து வந்து விழுந்த மரமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். வகை தெரியும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நிலக்கரி அடுக்கில் கிடைத்தவற்றில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கும். ஈரக்காற்று பட்டால் அது கந்தக அமிலமாகி, வெளிர்மஞ்சள் பொடி பூத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அத்தகையதைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் எடையை முதலில் கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள உருளை 0.785 கன மீட்டர். சிலிக்காவின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.6 டன் என்றால் எடை சுமார் 2 டன். மரம் என்ற நினைப்பில் சாதாரணக் கயிறு போட்டால் அறுந்து நொறுங்கும். தூக்குவதற்கு முன் ஈரத் தாளைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சணல் துணிப் பட்டைகளை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு உறையிட வேண்டும். தாள் இல்லாமல் பிளாஸ்டர் நேரடியாகப் பட்டால், உறையை உரிக்கும்போது மேற்பரப்பும் சேர்ந்து உரியும்.

காப்பது வகைக்கு வகை வேறு. கல்லான அடிமரத்தின் எதிரி விரிசலில் தங்கும் நீர். குளிர்நாட்டில் அது உறைந்து விரிகிறது, வெப்பநாட்டில் உப்பும் புல்வேரும் அதே வேலையைச் செய்கின்றன. ஃப்ளோரிசண்டில் சில அடிமரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் சரிவான வடிகால் வெட்டுவதே முதல் மருந்து. விரிசலில் சிமெண்ட் பூசுவது பெரிய தவறு: சிமெண்டிலுள்ள உப்பு நீரோடு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. உதிரும் பகுதிக்கு அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போதும். தேவைப்பட்டால் அசிட்டோன் கொண்டே கரைத்து எடுத்துவிடலாம். ஈரமான பரப்பில் தடவினால் வெள்ளை பூக்கும். ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் முன் தடவவே கூடாது. வார்னிஷ், கம்பித் தூரிகை இரண்டும் வேண்டாம்.

வார்ப்புக்குக் கூரை வேண்டும். மணற்கல் மழையைத் தாங்காது. கிளாஸ்கோவில் கண்டுபிடித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே கட்டடம் எழுப்பியதால்தான் அந்த 11 அடிமரங்களும் இடத்தை விட்டு அசையாமல் நிற்கின்றன. கூரை போட்டாலும் தரைவழி வரும் ஈரமும் அதில் வளரும் பாசியும் ஓயாத தொல்லை.

புதைமரத்துக்கு நேர் எதிரான வைத்தியம்: அது காயவே கூடாது. செல்சுவரின் வலு போய்விட்டது. உள்ளிருக்கும் நீர்தான் வடிவத்தைத் தாங்குகிறது. நீர் வெளியேறினால் செல்கள் சப்பி, கட்டை சுருங்கிப் பிளக்கும். ஈரச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி நிழலில் வைத்து, பாதுகாப்புக்கூடத்தில் நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பொருளை மெல்ல ஏற்ற வேண்டும். அதற்கு வசதியில்லையென்றால் மறுபடி மூடுவதே மேல். மண்நெசவுத் துணி (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, அதன்மேல் உப்பில்லாத ஆற்றுமணலை 30 செ.மீ.க்குக் குறையாமல் பரப்பி, அதன்மேல் தோண்டிய மண்ணையே இட வேண்டும். மூடி வைப்பதைத் தோல்வியாகப் பலர் நினைக்கிறார்கள். கோடி ஆண்டுகள் அதைக் காத்தது அந்த மண்தான்.

பெயர்ப்பலகையில் எந்தச் சொல் வரவேண்டும் என்பதையும் இந்த வகையே முடிவு செய்யும். கிளாஸ்கோவில் உள்ளது வார்ப்பு அடிமரம், பூக்கப்ரானியில் கிடைத்தது புதைமரம், ஃப்ளோரிசண்டில் நிற்பது கல்லான அடிமரம். 1781-ல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா பதிவுசெய்த, விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கிடப்பவை வேறு: கிளையும் வேரும் இல்லாமல், படுத்த நிலையில் கிடக்கும் தண்டுகள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு அடித்துக்கொண்டு வந்து மணலில் போட்டவை. அவற்றுக்கு ‘கல்மரம்’ என்ற பெயரே சரி. ‘அடிமரம்’ என்று எழுதினால், முளைக்காத இடத்தில் முளைத்ததாகச் சொன்னதாகிவிடும்.