பந்தியில் முதலிலேயே மோர் ஊற்றாதீர்கள்

ஜனவரி பிறந்தால் போதும், அமெரிக்கன் ஃபுட்பாலில் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்ட ஆட்டங்கள்) வந்துவிடும்; எனக்கு எக்செல் ஃபைல்கள் வர ஆரம்பித்துவிடும். நான் புள்ளியியல் படித்து அதை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன். இருப்பது நியூஜெர்சியில். இங்கே நம் பையன்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மோகம் பிடித்ததில் தப்பில்லை, எனக்கும் உண்டு. ஆனால் 2018-ல் இந்த மாநிலம் நடத்திய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி என்று ஆனபிறகு, மோகம் கைப்பேசி வழியாகப் பணத்தில் கைவைத்துவிட்டது. போன வாரம் வந்தவர் இந்த சீசனில் நாலாவது ஆள்.

"அண்ணா, இருபது வருஷ பிளேஆஃப் டேட்டா எடுத்தேன். 30 தடவைக்கு மேல பந்தைத் தூக்கிட்டு ஓடின டீம்தான் பெரும்பாலும் ஜெயிக்குது. ஓடுற டீம் மேல கட்டலாமா?"

கட்டாதே தம்பி.

கல்யாணப் பந்தியில் மோர் வந்தால் சாப்பாடு முடியப்போகிறது என்று அர்த்தம். அதற்காக உட்கார்ந்த உடனே மோரை ஊற்றினால் பந்தி சீக்கிரம் முடிந்துவிடுமா? முன்னிலையில் இருக்கும் அணிக்குக் கடிகாரம் ஓட வேண்டும். எறிந்த பாஸ் கைக்குச் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும்; பந்தோடு ஓடினால் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அதனால் நாலாவது கால்பகுதியில் ஜெயித்துக்கொண்டிருப்பவன் ஓடுகிறான், ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) முழங்காலைத் தரையில் ஊன்றி நேரத்தைக் கழிக்கிறாரே, அதையும் ஏட்டில் 'ஓட்டம்' என்றுதான் எழுதுவார்கள். இன்னும் புரியவில்லையென்றால் கிரிக்கெட்டுக்கு வாருங்கள். ஆறு ஓவர் மீதி இருக்கிறது, எட்டு ரன் போதும். ஒன்று ஒன்றாகத் தட்டி ஜெயிக்கிறார்கள். ஒன்று ஒன்றாகத் தட்டினால் எந்த ஆட்டத்தையும் ஜெயிக்கலாம் என்று யாராவது சொல்வோமா? அந்த எக்செல்லில் அந்தத் தம்பி சொல்லியிருப்பது அதைத்தான்.

இதற்குக் கூடப்பிறந்தது, பந்தைக் கையில் வைத்திருந்த நேரம். 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது சீசனின் இறுதி ஆட்டத்தில், ஈகிள்ஸ் அணி 60 நிமிடத்தில் 35 நிமிடம் 47 விநாடி பந்தை வைத்திருந்தார்கள். எதிரணிப் பக்கம் 417 யார்டு முன்னேறினார்கள். எதிர்த்து ஆடிய சீஃப்ஸ் 340 தான். ஜெயித்தது சீஃப்ஸ், 38-35. மொத்த யார்டு பார்ப்பவர்களுக்கு 2018 சூப்பர் பவுலைக் காட்டுவேன். பேட்ரியட்ஸ் அணி 613 யார்டு, அதில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்தது மட்டும் 505, ஒரு தடவைகூடப் பன்ட் அடிக்கவில்லை (முன்னேற முடியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதுதான் பன்ட்). ஈகிள்ஸிடம் தோற்றார்கள், 41-33.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஒன்றே ஒன்று கேட்டால், ஒரு பாஸ் முயற்சிக்குச் சராசரியாக எத்தனை யார்டு என்பேன். மொத்தமாக எத்தனை யார்டு என்பது வேண்டாம், முயற்சி ஒன்றுக்கு எத்தனை என்பது வேண்டும். அதிலும் சாக்கில் (பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) இழந்த யார்டைக் கழித்துவிட வேண்டும். (தொழில் ரகசியம்: குவார்ட்டர்பேக்கின் தனிக் கணக்கில் அதைக் கழிக்க மாட்டார்கள், அணிக் கணக்கில் கழித்திருப்பார்கள். எந்தப் பத்தியை எடுக்கிறோம் என்று பாருங்கள். பாதி ஃபைல்களில் இதுதான் கோளாறு.) எதிரணிக்கு அதே கணக்கைப் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

பிளேஆஃபில் சாக் சும்மா வருவதில்லை. 2018-ன் அந்த ஆட்டம் முழுக்க விழுந்தது ஒரே ஒரு சாக். இரண்டு நிமிடம் சொச்சம் மீதி இருக்கும்போது ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார், ஆட்டம் போச்சு. 2025 சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதலாக ஒரு ஆளைக்கூட அனுப்பாமல், முன்வரிசையை மட்டும் வைத்தே சீஃப்ஸின் மஹோம்ஸை ஆறு தடவை வீழ்த்தினார்கள். இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 முன்னிலை. அந்த சீசனில் 2,005 யார்டு ஓடிய ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி அன்றைக்கு 25 தடவை ஓடி 57 யார்டுதான் எடுத்தார் என்பதை, "ஓட்டம்தான் எல்லாம்" என்கிறவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்.

அடுத்து டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. முடிந்த ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 2023 ஆட்டத்தில் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸ் நழுவவிட்ட பந்தை சீஃப்ஸின் நிக் போல்டன் 36 யார்டு கொண்டுபோய் டச்டவுன் (ஆறு புள்ளி) ஆக்கினார். வித்தியாசமோ மூன்றே புள்ளி. ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டால் இந்தச் சாட்சி வாய் திறக்காது. நழுவிய பந்து யார் மடியில் போய் விழும் என்பது ஏறக்குறைய காசு சுண்டுவது மாதிரி. அந்த பந்துக்கு உருண்டை வடிவமா இருக்கிறது, சொன்ன பக்கம் உருள்வதற்கு? சீசன் முழுக்கப் பந்து பொறுக்கியே ஜெயித்த அணியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

மூன்றாவது டவுனும் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது), கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள் வந்தபின் எடுக்கிற புள்ளியும் முக்கியம்தான், ஆனால் வாரத்துக்கு வாரம் ஆடும். இதையெல்லாம் ஒரே அளவில் நிறுக்க வேண்டுமானால், ஒவ்வொரு பிளேயும், அதாவது பந்தை ஆடும் ஒவ்வொரு முயற்சியும், அந்த அணி எடுக்கும் என்று நாம் எதிர்பார்க்கிற புள்ளியை எவ்வளவு ஏற்றியது, இறக்கியது என்று பார்க்கும் முறை இருக்கிறது. 1971-லேயே விர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து அதற்கு அடித்தளம் போட்டார். ஆடிக்கொண்டிருந்த ஆள்! நாம் இன்னும் ஓட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனி கொஞ்சம் கண்டிப்பாக. பிளேஆஃப் ஆட்டங்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். 14 அணி, தோற்றால் வெளியே, ஆக ஒரு வருஷத்துக்கு மொத்தமே 13 ஆட்டம். சீசனில் ஒவ்வொரு அணியும் ஆடும் 17 ஆட்டங்களையும் சேருங்கள். நாலாவது கால்பகுதியை ஒதுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், உங்கள் "30 ஓட்டம்" எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். ஆட்டம் முடிந்தபின் தெரிகிற எண்ணை வைத்து ஆட்டத்துக்கு முன் பணம் கட்டாதீர்கள். 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்கச் சொல்கிறார்கள். நூற்றுக்கு 52-க்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கைக்காசு நஷ்டமாகாமல் தப்பும். இந்த எண்களோடுதான் நான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன், நானே கட்டுவதில்லை.

அந்தத் தம்பியிடம் எவ்வளவு கட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம். திட்ட மனசு வரவில்லை. 1-800-426-2537 என்ற எண்ணைக் கொடுத்தேன். பந்தயப் பழக்கத்திலிருந்து வெளியே வர உதவுகிறவர்கள் பேசுவார்கள். உங்கள் அறைத்தோழன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணை அவனுக்கும் அனுப்பிவிடுங்கள்.