எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஜாமீனில் வருவதைப் பாதிக்கப்பட்டவருக்கு யார் சொல்ல வேண்டும், எப்போது?

சிறையில் இருந்தவர் வெளியே வந்துவிட்டார் என்பது புகார் கொடுத்தவருக்குப் பல வழக்குகளில் கடைசியாகத்தான் தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது எல்லா வழக்குக்கும் ஒரே அளவில் இல்லை. பிடித்துக்கொள்ள வேண்டிய இடமும் சிறை வாசல் இல்லை, ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாள்தான்.

முதலில் எஃப்ஐஆர் நகலை எடுத்துப் பாருங்கள். புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதை இலவசமாகத் தர வேண்டும். என்னென்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

வலுவான உரிமை எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ள 15ஏ பிரிவின்படி, ஜாமீன் உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கை பற்றியும் உரிய நேரத்தில், சரியான தகவல் தர வேண்டிய பொறுப்பு சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் மாநில அரசுக்கும் உண்டு. ஜாமீன், விடுவிப்பு, பரோல் எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைச் சொல்லவும் உரிமை உண்டு. இது வெறும் சம்பிரதாயம் இல்லை, கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, நோட்டீஸ் தராமல் கொடுத்த ஜாமீனையே ரத்து செய்தது. உங்கள் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் பொறுப்பு போலீஸுடையது. 2020 போக்சோ விதிகளின் 4ஆவது விதிப்படி கைது, நீதிமன்றத்தில் போடப்படும் மனுக்கள், எதிரி ஜாமீனில் இருக்கிறாரா உள்ளே இருக்கிறாரா என்பதையெல்லாம் குழந்தையின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவரைப் பாலியல் வன்கொடுமை செய்தது (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பிஎன்எஸ் 65), 18 வயதுக்கு உட்பட்டவரைக் கூட்டாகச் செய்தது (பிஎன்எஸ் 70(2)) ஆகிய வழக்குகளில், குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 483(2) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரரோ அவர் அனுப்பும் ஒருவரோ அங்கே இருந்தே ஆக வேண்டும்.

அடிதடி, கொலை முயற்சி, மிரட்டல் போன்ற மற்ற வழக்குகளில் இவ்வளவு தெளிவான நோட்டீஸ் உரிமை கிடையாது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜாமீன் மனுவை எதிர்த்துப் பேச விரும்பினால் நீதிமன்றம் கேட்டாக வேண்டும் என்பதை 2022இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தேதி தெரிந்தால்தான் பேச முடியும், தேதியை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

நோட்டீஸ் தவறிப்போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. எஃப்ஐஆரில் இருக்கும் போன் எண் மாறியிருக்கும். பயந்து அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள், நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். விசாரணை அன்று காலையில் காவலர் வந்து, விவரம் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கிப் போவதும் நடக்கும். அப்படி எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். "காலை 10.15க்குப் பெற்றேன்" என்ற ஒரு வரி, அவகாசம் தரப்படவில்லை என்று பின்னால் வாதாட உதவும்.

இதற்காகவே, கைதான வாரத்திலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. குற்ற எண், காவல் நிலையம், பிரிவுகள், எதிரியின் பெயர், உங்கள் இப்போதைய முகவரி, இரண்டு போன் எண்கள், "ஜாமீன் மனு, விடுதலை, சிறை மாற்றம் பற்றித் தகவல் தரவும்" என்ற கோரிக்கை. ஒரு பக்கம் போதும். விசாரணை அதிகாரி (எஸ்சி, எஸ்டி வன்கொடுமை வழக்கில் டிஎஸ்பி), அரசு வழக்கறிஞர், எதிரி இருக்கும் சிறையின் கண்காணிப்பாளர் மூவருக்கும் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சிறை நிர்வாகம் உங்களுக்குப் பதில் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாமல் செய்வதற்கே இது.

இன்னொரு பக்கம் நீங்களே பாருங்கள். இகோர்ட்ஸ் செயலியில் எஃப்ஐஆர் எண்ணை வைத்துத் தேடலாம்: மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எண், ஆண்டு. நிலுவையில் உள்ளவை மட்டும் பார்த்தால் போதாது. ஜாமீன் மனு சில நாளிலேயே முடிந்து "முடிந்தவை" பக்கம் போய்விடும், அதையும் பாருங்கள். மாவட்டத்தில் தள்ளுபடியானால் அடுத்து உயர் நீதிமன்றம்தான். தென் மாவட்ட வழக்கு என்றால் மதுரைக் கிளையின் பட்டியலைப் பார்க்க வேண்டும், சென்னையுடையதை அல்ல.

பலர் கவனிக்காமல் விடுவது குற்றப்பத்திரிகைக் கெடு. ரிமாண்ட் ஆன (காவலில் வைக்க நீதிபதி உத்தரவிட்ட) நாளிலிருந்து 60 நாள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், எதிரி கேட்டாலே ஜாமீன். குற்றம் எவ்வளவு கொடியது என்ற வாதம் அங்கே எடுபடாது. காலண்டரில் அந்த நாளைக் குறித்துக்கொண்டு, பத்து நாள் முன்பே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

குண்டர் சட்டம் போட்டிருந்தால் கணக்கு வேறு. வழக்கில் ஜாமீன் கிடைத்தும் அவர் உள்ளேயே இருப்பார். உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் தடுப்புக் காவலை ரத்து செய்ததும் வெளியே வந்துவிடுவார். ஜாமீன் மனுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தண்டனைக் கைதிகள் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று வருவதும் தனிக் கதை.

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே ஆள் வந்துவிடுவார் என்றும் இல்லை. ஜாமீன்தாரர்கள் வந்து பிணைப் பத்திரம் எழுதி, விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். வேறு வழக்கில் ரிமாண்ட் இருந்தால் அதிலும் ஜாமீன் வேண்டும். இது சில மணி நேரத்திலும் முடியும், வாரக்கணக்கிலும் இழுக்கும். இந்த இடைவெளியில்தான் உங்கள் ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை, உத்தரவின் நகலை எடுத்து நிபந்தனைகளைப் படிப்பது. தினமும் எந்த ஸ்டேஷனில் கையெழுத்து, எந்த ஊருக்குள் வரக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். கண்டிஷன் பெயிலில் வந்தவர் அதை மீறினால் தேதி, நேரம், சாட்சியுடன் எழுதிக்கொடுத்து, பிஎன்எஸ்எஸ் 483(3)இன் கீழ் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். எஸ்சி, எஸ்டி வன்கொடுமை வழக்கில் ஜாமீன் உத்தரவையே எதிர்த்து 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பெண்கள், குழந்தைகள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். எண் 15100.

மிரட்டல் இருந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். டிஎஸ்பி நிலை அதிகாரி 5 வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். ரோந்து, வீட்டில் கேமரா, போன் எண் மாற்றம் முதல் நேரடிக் காவல் வரை கேட்கலாம். ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரைதான் உத்தரவு. முடியும் முன்பே நீட்டிக்கக் கேளுங்கள். உடனடி ஆபத்துக்கு 112.