எதிர்ப்புசக்தியைக் கூட்ட வேண்டாம், அண்ணாச்சி

"ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்புன்னு வந்திருக்கு டாக்டர். எதிர்ப்புசக்தி கொறஞ்சதுதான் காரணமாம், கூட்டுறதுக்கு இதைக் கொடுத்தாங்க."

மளிகைக்கடை அண்ணாச்சி மேசையில் வைத்தது சீந்தில்பொடி டப்பா. வயது 48. குடிப்பழக்கம் கிடையாது. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுவார்.

கொழுப்புக் கல்லீரலில் எதிர்ப்புசக்தி குறைவது அல்ல சிக்கல். அது அடங்காமல் வேலை செய்வதுதான்.

குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதோடு வரும் கிருமித் துணுக்குகளை விழுங்குவதற்கென்றே அங்கே ரத்தக்குழாய்ச் சுவரில் குப்ஃபர் செல்கள் காத்திருக்கின்றன. கல்லீரல் செல்கள் கொழுப்பு நிரம்பி நைந்து சாகும்போது இவை அவற்றைச் சூழ்ந்துகொண்டு அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களையும் வரவழைக்கின்றன. கிருமி என்றால் சண்டை பெரும்பாலும் சில நாளில் முடிந்துவிடும். கொழுப்போ தினமும் வந்து சேர்கிறது, சண்டையும் வருடக்கணக்கில் ஓய்வதில்லை. அந்தக் காயத்தின்மேல் விண்மீன் வடிவ செல்கள் நார் நாராகத் தழும்பு போடுகின்றன. அது முற்றினால் ஈரலே தழும்பாகி இறுகும் சிரோசிஸ். பெரும்பாலும் அதுவரை வலியே இருக்காது.

அண்ணாச்சியின் ரிப்போர்ட்டில், ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி 52, எஸ்.ஜி.பி.டி 64. பிளேட்லெட் 1.6 லட்சம். 'கொஞ்சம்தான் கூட' என்று விட்டிருந்தார்கள். அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன். வயது 48-ஐ எஸ்.ஜி.ஓ.டி 52-ஆல் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரத்தில் சொன்னால் வரும் 160-ஆலும், எஸ்.ஜி.பி.டி 64-இன் வர்க்கமூலமான 8-ஆலும் வகுத்தால் 1.95. ஈரலில் தழும்பு இருக்குமா என்று கணிக்கும் ஃபிப்-4 என்ற இந்த எண் 1.3-க்குள் இருந்தால் கவலை குறைவு. தாண்டியதால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். தழும்பு விழத் தொடங்கியிருந்தது. சர்க்கரை நோயாளிகள் எஸ்.ஜி.பி.டி சரியாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

சீந்தில்பொடியை அன்றே நிறுத்தச் சொன்னேன். கொரோனா சமயத்தில், 2020-இல், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு எதிர்ப்புசக்தியே கல்லீரலைத் தாக்கியது போன்ற பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு அழற்சியும் அடங்கும். 82 கிலோ அண்ணாச்சிக்கு அது ஆறிலிருந்து எட்டு கிலோ. "எட்டா!" என்று மலைத்தார்.

இப்போது சாயங்காலம் மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நடக்கிறார். இரவு பரோட்டா நின்றது, டீயில் சர்க்கரையும் நின்றது. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது. எஸ்.ஜி.பி.டி 41. அடுத்த ஃபைப்ரோஸ்கேன் தை மாதம்.